வரம்பு வகுத்தவர் யார்?

கால்பந்து ஆடுவோர் வாங்கும் சம்பளத்தைக் கேட்டு மலைக்காதவர் இக்காலத்தில் இல்லை. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் முதல் வரிசை ஆட்டக்காரர் ஒருவர் ஒரு வாரத்தில் பெறும் தொகையை ஒரு பள்ளி ஆசிரியர் ஆயுள் முழுதும் உழைத்தாலும் சேர்த்துவிட முடியாது. ஆகவே, "இவர்களுடைய சம்பளத்துக்கு ஒரு மேல்வரம்பு கட்டிவிட்டால் என்ன?" என்ற கேள்வி எழுவது இயல்பே. கேட்பவர்களில் பொறாமைக்காரரும் உண்டு. ஆட்டத்தின் க்ஷேமத்தை உண்மையாக விரும்புகிறவர்களும் உண்டு.

விளையாட்டு விஷயத்துக்கு இந்தப் பத்திகளில் என்ன வேலை என்று நேயர்கள் சிலர் நினைக்கலாம். உழைக்கிறவனுடைய கூலியை நிர்ணயிக்கும் உரிமை யாருக்கு என்ற பழைய வழக்குத்தான் இங்கே கால்சட்டை அணிந்து மைதானத்தில் நிற்கிறது. நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது. வரம்பு என்பது தன்னளவில் நியாயமுமன்று, அநியாயமுமன்று. வரம்புக்கு உட்படுகிறவனைக் கேட்டு வகுத்தார்களா, கேளாமல் வகுத்தார்களா என்பதைப் பொறுத்தே அதன் தன்மை அமைகிறது. இதற்குச் சரித்திரமே சாட்சி சொல்லட்டும்.

நாலு பவுன் விதி

இங்கிலாந்தில் பணம் பெற்றுக்கொண்டு கால்பந்து ஆடுவது 1885-ம் வருஷத்தில்தான் முறைப்படி அனுமதிக்கப்பட்டது. மூன்று வருஷம் கழித்து, 1888-ல், பன்னிரண்டு கிளப்புகள் கூடிப் 'புட்பால் லீக்' என்ற பந்தய ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த நகரங்களில், சனிக்கிழமை வேலை முடிந்ததும் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வந்தார்கள். வருமானம் பெருகிற்று. நல்ல ஆட்டக்காரரைக் கவர்ந்துகொள்ளக் கிளப்புகளுக்குள் போட்டியும் பெருகிற்று. போட்டி பெருகினால் கூலி உயரும் என்பது சந்தையின் நியதி. தங்கள் சரக்கு விலை ஏறும்போது இந்த நியதியைப் போற்றுகிற முதலாளிமார், ஆட்டக்காரன் கூலியில் அது பலித்தபோது விதி செய்து தடுத்தார்கள்.

1901-ம் வருஷப் பந்தய காலம் முதல் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்குப் பிரிட்டிஷ் நாணயத்தில் 4 பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்பது புட்பால் அஸோஸியேஷனின் கட்டளை. பணக்காரக் கிளப்புகள் சிறிய கிளப்புகளை விழுங்கிவிடும் என்பது இதற்குக் கூறிய காரணம். அக்காலத்துச் சாதாரணத் தொழிலாளியின் கூலியைப் பார்க்க, 4 பவுன் நல்ல கூலியே; இதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1905-ல் ஆல்ப் காமன் என்ற ஆட்டக்காரரை மிடில்ஸ்பரோ கிளப் ஸண்டர்லாண்டு கிளப்பிடமிருந்து 1,000 பவுன் கொடுத்து வாங்கிற்று. 4 பவுன் வீதம் கணக்கிட்டால் அது ஏறக்குறைய ஐந்து வருஷச் சம்பளம். விற்றவருக்கு ஆயிரம், விற்கப்பட்டவருக்கு வாரம் நாலு. சம்பளத்துக்கு வரம்பு கட்டியவர்கள் அன்று விலைக்கு வரம்பு கட்டியிருக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

வரம்போடு சேர்ந்த விலங்கு

சம்பள வரம்பு தனியாக நிற்கவில்லை. அதற்கு முன்பிருந்தே 'நிறுத்தி வைத்தல்' என்ற ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒப்பந்த காலம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் இசைந்தாலன்றி லீக்கைச் சேர்ந்த வேறு எந்தக் கிளப்பிலும் அவர் ஆட முடியாது. மறு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை சம்பளமும் கிடையாது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு இத்தகைய ஒப்பந்தத்தைப் படிக்கும்போது வியப்பு மேலிடுகிறது. நமது தேசத்தில் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவன் நேர்மையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்று கூறுகிறது. அந்தச் சட்டத்தை எழுதித் தந்த ஆங்கிலேயரின் சொந்த ஊரிலேயே, ஒப்பந்தம் முடிந்த மனிதனைப் பட்டினி போட்டுப் பிடித்து வைக்கும் வழக்கம் எழுபது வருஷம் வரை நிலைத்திருந்தது.

வரம்பு ஒரு கை, நிறுத்தி வைத்தல் மறு கை. அதிகம் கேட்க முடியாது. அதிகம் கொடுக்கும் இடத்துக்குப் போகவும் முடியாது. இரண்டும் சேர்ந்தால் அதற்கு வரம்பு என்று பெயரன்று. விலங்கு என்று பெயர்.

சங்கம் பிறந்தது

அநியாய விதி இரண்டு விளைவுகளை உண்டாக்கும்: ஒன்று திருட்டு, மற்றொன்று சங்கம். இங்கே இரண்டும் விளைந்தன. மாஞ்செஸ்டர் ஸிட்டி கிளப் வரம்புக்கு மேல் இரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது 1906-ல் வெளியாயிற்று. 17 ஆட்டக்காரர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்கள், அபராதமும் கட்டினார்கள். அவர்களில் தலைசிறந்தவர் பில்லி மெரெடித். பன்னிரண்டு வயதில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கியவர். கூலி என்றால் என்ன, சங்கம் என்றால் என்ன என்பதை அவர் மைதானத்துக்கு வருமுன்பே அறிந்திருந்தார். அவரும் சார்லி ராபர்ட்ஸ் முதலிய தோழர்களும் 1907-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி மாஞ்செஸ்டரில் கூடி ஆட்டக்காரர் சங்கத்தை நிறுவினார்கள்.

1909-ல் அஸோஸியேஷன் அச்சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை ரத்து செய்து, சங்கத்தை விட்டு விலகாதவர் ஆடக்கூடாது என்று உத்தரவிட்டது. பலர் பணிந்தார்கள். அவ்வருஷம் இங்கிலீஷ் கோப்பையை வென்றிருந்த மாஞ்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. 'தள்ளப்பட்டவர் கிளப்' என்று பலகையில் எழுதி, அதை முன்னால் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் சங்கத்தின் அங்கீகாரம் மீண்டது. வரம்பு மட்டும் அசையவில்லை. 1912-ல் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகச் சங்கம் ஆஸ்டன் வில்லா கிளப் மீது தொடுத்த வழக்கும் தோற்றது. கோர்ட்டுச் செலவு சங்கத்தைத் திவாலாகும் நிலைக்குக் கொண்டு வந்துவிட்டது.

இருபது பவுன் வரை அறுபது வருஷம்

அதன் பின் வரம்பு ஆமை போல் நகர்ந்தது. 1920-ல் 9 பவுன். 1922-ல் அதையும் குறைத்து 8 பவுன். ஆட்டமில்லாத கோடை மாதங்களில் 6. 1947-ல் 12 பவுன். 1958-ல் 20 பவுன். அப்போது இங்கிலாந்தில் தொழிற்சாலைத் தொழிலாளியின் சராசரி வாரக் கூலி சுமார் 15 பவுன். அரை லக்ஷம் பேர் பார்க்க ஆடுகிறவனுக்கும் ஆலையில் நிற்கிறவனுக்கும் ஐந்து பவுனே வித்தியாசம். ஆலைத் தொழிலாளி அறுபது வயது வரை உழைக்கலாம். ஆட்டக்காரன் முப்பத்தைந்தில் முழங்கால் தேய்ந்து வீட்டில் உட்கார வேண்டும்.

திறமைசாலிகள் கடல் கடந்து பார்த்தார்கள். 1950-ல் இங்கிலாந்தின் பிரதிநிதிக் கோஷ்டியில் ஆடிய நீல் பிராங்க்ளின் தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியாவுக்கே போனார். 1957-ல் ஜான் சார்ல்ஸ் இத்தாலிக்குப் போனார். 1952-ல் டாம் பின்னி என்ற ஆட்டக்காரருக்கு இத்தாலியின் பாலெர்மோ கிளப் சேர்வதற்கு மட்டுமே 10,000 பவுன் தர முன்வந்தது. அவருடைய கிளப்பாகிய பிரெஸ்டன் விட மறுத்துவிட்டது. இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான பின்னி, குழாய் ரிப்பேர் தொழிலையும் கைவிடாமலே காலம் கழித்தார். போகாதவர்களுக்கு மேசைக்கடியில் பணம் கைமாறிற்று. 1957-ல் ஸண்டர்லாண்டு கிளப் இந்தக் குற்றத்துக்காக 5,000 பவுன் அபராதம் கட்டியது. யோக்கியன் 20 பவுன் வாங்க, விதியை மீறத் துணிந்தவன் அதிகம் வாங்கினான். மீறுகிறவனுக்குப் பரிசளிக்கும் விதி எந்த ஊரில்தான் நிலைக்கும்?

1957-ல் சங்கத்தின் தலைமையை ஏற்ற ஜிம்மி ஹில் ஆட்டக்காரர்களை ஊர் ஊராகக் கூட்டிப் பேசினார். மாஞ்செஸ்டர் கூட்டத்தில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. இளைஞர் ஒருவர் எழுந்து, தம் தந்தை சுரங்கத் தொழிலாளி என்றும், அவர் வாங்குவதைவிட நமக்கு அதிகமே கிடைக்கிறதென்றும், மேலும் கேட்பது தகுமா என்றும் கேட்டாராம். போல்டன் கிளப்பின் டாமி பாங்க்ஸ் தாமும் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் அளித்த பதிலின் சாரம் இது: உன் தந்தை வாரமெல்லாம் செய்கிற வேலையை என்னால் செய்ய முடியும், சனிக்கிழமை முப்பதினாயிரம் பேர் முன்னால் ஸ்டான்லி மாத்யூஸை மறித்து நிறுத்த அவரால் முடியுமா என்று கேட்டு வா. கூலியைப் பற்றிய பொருளாதார நூல்கள் பல படித்திருக்கிறோம். இதைவிடத் தெளிவாக எதுவும் விளக்கவில்லை.

வேலைநிறுத்தத்துக்கு ஆட்டக்காரர் பெருவாரியாக இசைந்தார்கள். 1961-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி மைதானங்கள் வெறிச்சோடும் என்று நாள் குறித்தாயிற்று. நாள் நெருங்கிய தறுவாயில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். அறுபது வருஷம் நின்ற வரம்பு அந்த ஜனவரியில் விழுந்தது. புல்ஹாம் கிளப்பின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் வாங்கும் முதல் ஆட்டக்காரர் ஆனார்.

விலங்கின் மறு பாதி கோர்ட்டில் அறுந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் தம்மை விடுவிக்குமாறு நியூகாஸில் கிளப்பைக் கேட்டு, அது மறுக்கவே, ஆட்டத்தை விட்டுக் கார்க்கு விற்கும் வேலைக்குப் போனார். பிறகு கிளப் மனமிரங்கி 47,500 பவுனுக்கு அவரை ஆர்ஸனல் கிளப்புக்கு விற்றது. தம் காரியம் முடிந்ததென்று அவர் வழக்கை விட்டுவிடவில்லை. சங்கத்தின் ஆதரவோடு தொடர்ந்து நடத்தினார். 1963-ல் ஜஸ்டிஸ் வில்பர்போர்ஸ், நிறுத்தி வைக்கும் ஏற்பாடு தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். தனக்கு வேண்டியது கிடைத்த பின்னும் மற்றவர்க்காக வாதாடியவனுக்கே அந்த வெற்றியின் பெருமை உரியது.

எதிர்க்கட்சியின் வாதம்

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. அதை மறைப்பது தர்மமன்று. வரம்பு இருந்த காலத்தில் பிளாக்பூல் போன்ற கடற்கரை ஊர் மாத்யூஸை வைத்துக்கொள்ள முடிந்தது. 1953-ல் இங்கிலீஷ் கோப்பையையும் வென்றது. பிரெஸ்டன் பின்னியை வைத்திருந்தது. லண்டன் செல்வர் எவ்வளவு கொடுப்பதாகச் சொன்னாலும் அதே 20 பவுன்தான் என்பதால் ஊர்க்காரன் ஊரிலேயே தங்கினான். லீக்கின் முதல் சாம்பியனாகிய பிரெஸ்டன், வரம்பு விழுந்த அதே 1961-ல் முதல் பிரிவிலிருந்து இறங்கிற்று. அறுபது வருஷம் கடந்தும் திரும்பி ஏறவில்லை. வரம்பு நீங்கிய மறு பந்தய காலத்திலேயே, புதிதாக மேலேறி வந்த இப்ஸ்விச் என்னும் சிறு நகரக் கிளப் சாம்பியனாயிற்று என்பதும் மெய். ஆயினும் நாளடைவில் பணம் இருக்கும் இடத்தில் வெற்றி குவிந்தது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

பந்தயத் தொழிலுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜவுளிக்கடைக்காரன் எதிர்க்கடை மூடினால் மகிழ்வான். கால்பந்துக் கிளப்புக்கோ எதிராளி இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. எதிராளி பலஹீனனாக இருந்தால் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும்; தெரிந்த முடிவைப் பார்க்க எவன் காசு கொடுப்பான்? ஆகவே கோஷ்டிகளிடையே சமபலம் வேண்டும் என்பது நியாயமான விருப்பமே. அதற்குரிய விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் அறுபது வருஷம் அதை ஆட்டக்காரன் ஒருவனே கொடுத்தான்.

அமெரிக்காவின் ஏற்பாடு

அமெரிக்கர் 'புட்பால்' என்று சொல்வது வேறு ஆட்டம். பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. ஆயினும் சம்பள வரம்பு விஷயத்தில் அவர்களிடம் கற்க வேண்டியது அதிகம். அங்கேயும் ஆரம்பத்தில் சண்டைதான். 1987-ல் ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் மாற்று ஆட்களைக் கொண்டு பந்தயம் நடத்தி அதை முறித்தார்கள். சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1992-ல் ஆட்டக்காரரைக் கட்டி வைத்த விதிகள் சட்டவிரோதம் என்று ஜூரிகள் கூறவே, முதலாளிகள் பேச்சுக்கு வந்தார்கள். 1993-ல் உடன்படிக்கை ஏற்பட்டது. குறிப்பிட்ட வருஷங்கள் ஆடிய பின் ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய கோஷ்டிக்குப் போகலாம் என்ற சுதந்திரத்தை ஆட்டக்காரர் பெற்றார்கள். அதற்கு ஈடாகச் சம்பள வரம்புக்கு இசைந்தார்கள்.

இந்த வரம்பு தனி மனிதன் தலையில் கட்டியதன்று. ஒரு கோஷ்டி முழுவதற்கும் ஒரு மொத்தத் தொகை. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது கோஷ்டியின் இஷ்டம். 1994-ல் அத்தொகை 3 கோடியே 46 லக்ஷம் டாலர். 2025-ல் 27 கோடியே 92 லக்ஷம் டாலர். 32 கோஷ்டிகளுக்கும் ஒரே அளவு. தொகை இவ்வாறு ஏறியிருப்பதற்குக் காரணம், அது லீக்கின் வருமானத்தோடு கட்டப்பட்டிருப்பதே. 2020-ல் செய்த உடன்படிக்கையின்படி வருமானத்தில் 100-க்குச் சுமார் 48 பங்கு ஆட்டக்காரருக்குச் சேர வேண்டும். அதற்குக் கணக்குப் புத்தகம் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மேல்வரம்போடு கீழ்வரம்பும் உண்டு. சில வருஷங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு கோஷ்டியும் வரம்பில் 100-க்கு 90 பங்காவது சம்பளமாகக் கொடுத்திருக்க வேண்டும். கருமி முதலாளி, வரம்பைச் சாக்காகக் காட்டிப் பணத்தைப் பெட்டியில் பூட்ட முடியாது.

முதலாளிகளும் தங்கள் பங்குக்கு ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நாடு முழுதும் ஒளிபரப்பாகும் டெலிவிஷன் பணத்தை எல்லாக் கோஷ்டிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுமார் ஒரு லக்ஷம் ஜனத்தொகையுள்ள கிரீன் பே என்ற சிறு நகரத்தின் கோஷ்டிக்குத் தனி முதலாளியே கிடையாது. ஊராரும் அபிமானிகளும் பங்குதாரர்கள். நியூயார்க் கோஷ்டிகளோடு அது சரிசமமாக மோதுகிறது. வரம்பு வந்த பிறகு 1997-லும் 2011-லும் தேசத்தின் மகா பந்தயத்தை வென்றுமிருக்கிறது. பிரெஸ்டனுக்குக் கிடைக்காத பாதுகாப்பு கிரீன் பேக்குக் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் குறை இல்லையென்று நாம் கூறவில்லை. சேரும்போது தரும் முன்பணத்தை ஐந்து வருஷம் வரை பிரித்து எழுதலாம் என்ற விதியைக் கொண்டு, இன்று கொடுத்த பணத்தை நாளைய கணக்கில் தள்ளும் சாமர்த்தியம் வளர்ந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுதும் கைக்கு வரும் என்ற உறுதி பலருக்கு இல்லை. கல்லூரியிலிருந்து வரும் வாலிபன் முதலில் எந்த ஊருக்குப் போவதென்பதை அவன் தீர்மானிப்பதில்லை. ஆயினும் இவையெல்லாம் சங்கம் கையெழுத்திட்ட பத்திரத்தில் உள்ளவை. தவணை முடிந்ததும் மறுபடி பேசித் திருத்த இடமுண்டு.

மறந்த பாடம்

ஐரோப்பாவில் இப்போது மூன்றாவது வழி ஒன்றை முயல்கிறார்கள். ஐரோப்பியக் கால்பந்து யூனியன் 2022-ல் செய்த விதிப்படி, அதன் பந்தயங்களில் ஆடும் கிளப் ஆட்டக்காரர் சம்பளம், வாங்கும் விலை, தரகர் கூலி ஆகியவற்றுக்குத் தன் வருமானத்தில் ஒரு பங்குக்கு மேல் செலவிடலாகாது. முதலில் 100-க்கு 90. படிப்படியாகக் குறைத்து 2025-26 முதல் 70. கடனில் மூழ்காமல் கிளப்புகளைக் காக்க இது உதவும். சமபலம் உண்டாக்க உதவாது. நூறு கோடி வருமானமுள்ளவனுக்கு எழுபது கோடி, பத்துக் கோடி உள்ளவனுக்கு ஏழு கோடி என்றால், பெரியவன் பெரியவனாகவும் சிறியவன் சிறியவனாகவுமே இருப்பான்.

இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. கொரோனாவால் மைதானங்கள் மூடியிருந்த 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், மூன்றாம் பிரிவுக் கிளப்புகளுக்கு வருஷத்துக்கு 25 லக்ஷம் பவுன், நாலாம் பிரிவுக்கு 15 லக்ஷம் பவுன் என்று கிளப்புகள் ஓட்டெடுத்து வரம்பு விதித்தன. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். பல கிளப்புகள் மூழ்கும் நிலையில் இருந்தன. ஆனால் ஆட்டக்காரர் சங்கத்தோடு கலந்து பேசுவதற்கென்று ஏற்பட்ட குழுவை முறைப்படி மதிக்கவில்லை. சங்கம் மத்தியஸ்தர்களிடம் முறையிட்டது. 2021-ம் வருஷம் பிப்ரவரியில் மத்தியஸ்தர்கள் அந்த வரம்பைத் தள்ளிவிட்டார்கள். தொகை சரியா தப்பா என்ற ஆராய்ச்சிக்கே போக வேண்டியிருக்கவில்லை. கேளாமல் செய்தது என்பதே போதுமாயிருந்தது. 1901-ல் செய்த பிழையையே, நூற்றிருபது வருஷம் கழித்து, அதே தேசத்தில் திரும்பச் செய்தார்கள்.

ஆகவே, சம்பளத்துக்கு வரம்பு வேண்டும் என்று யார் எங்கே பேசினாலும் நேயர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்களாக. வரம்புக்கு உட்படுகிறவன் மேசையின் எதிர்ப்புறத்தில் உட்கார்ந்து கையெழுத்திட்டானா? அவன் கூலிக்கு வரம்பு கட்டியவர்கள் தங்கள் வருமானத்தைக் காட்டி, அதில் அவனுக்குரிய பங்கை உறுதி செய்தார்களா? பிடிக்காவிட்டால் வெளியேற அவனுக்குக் கதவு திறந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வருமானால், அந்த வரம்பு பொது நன்மைக்காகப் பலர் கூடிக் கட்டிய ஏரிக்கரை. ஒன்றுக்காவது இல்லை என்று வந்தால், அது அயலான் வயலுக்குத் தண்ணீர் போகாமல் ஒருவன் இரவில் போட்ட மடை. மடையை விடிந்ததும் வெட்டிவிடுவார்கள். கரையை ஊரே காவல் காக்கும். மெரெடித்தும் ஹில்லும் ஈஸ்ட்ஹாமும் வெட்டியது எது, கிரீன் பே நகரத்தார் காத்து வருவது எது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.